தில்லிக்கு இரண்டு குடும்பமாக வருகிறவர்களுக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறைக்கு ஏழு பேர் தில்லிக்கு வருகிறீர்கள். வியாழக்கிழமை காலை இறங்கி, திங்கட்கிழமை இரவு ரயில் ஏறுகிறீர்கள். உங்கள் குடும்பம் கணக்குப் பார்த்துச் செலவு செய்ய வேண்டிய குடும்பம், அக்கா குடும்பம் வசதியானது. அம்மாவுக்கு முட்டி வலி, அவருக்குக் கோயில் பார்க்க வேண்டும். அத்தானுக்குச் சாப்பாடு, அக்காவுக்குத் துணிக்கடை, உங்களுக்குச் சரித்திரம், பிள்ளைகளில் ஒன்றுக்குப் பத்து வயது, இன்னொன்றுக்குப் பதினாறு. எல்லோரும் மனம் கோணாமல் ஊரைப் பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும், ஆனால் ஏழு பேரும் ஐந்து நாளும் ஒட்டிக்கொண்டே சுற்றக்கூடாது. காலையில் பிரிந்து போங்கள், சாயங்காலம் ஒரு இடத்தில் சேருங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இங்கே கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன், சண்டை வந்ததெல்லாம் எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றிய நாட்களில்தான். ஒருத்தர் கல்வெட்டு முன்னால் நின்றுகொண்டிருப்பார், இன்னொருத்தர் வெயிலில் உட்கார இடம் தேடுவார், பிள்ளை பசி என்று அழும்.

பணத்தைப் பற்றி நீங்கள் ரொம்பவே கவலைப்படுகிறீர்கள், அதை முதலில் பேசிவிடுவோம். தில்லியில் பார்க்க வேண்டியதற்குக் காசு கிட்டத்தட்ட இல்லை. குதுப் மினாருக்கும் ஹுமாயூன் சமாதிக்கும் நம் நாட்டுக்காரர்களுக்கு நுழைவுச் சீட்டு 35, 40 ரூபாய்தான், பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம். லோதி தோட்டம், ஜாமா மசூதி, பங்ளா சாகிப் குருத்வாரா, போர் நினைவகம், காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகை எல்லாமே இலவசம். அத்தான் எவ்வளவு சம்பாதித்தாலும் நீங்கள் பார்க்கும் அதே கோபுரத்தைத்தான் அதே வரிசையில் நின்று பார்க்கப் போகிறார். பணம் வித்தியாசம் காட்டுவது மூன்று இடத்தில்: படுக்கை, வண்டி, சாப்பாடு. இந்த மூன்றையும் இரண்டு குடும்பமும் தனித்தனியாக முடிவு செய்துகொள்ளுங்கள், கூச்சமே படாதீர்கள். ஒரே ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் ஒன்று உங்கள் பர்ஸ் கிழியும், இல்லை அக்காவுக்கு முகம் வாடும்.

உங்களுக்கு நான் சொல்வது கரோல் பாக். மெட்ரோ நீலத்தடம் வாசலிலேயே இருக்கிறது, இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் சுத்தமான அறை தேடிப் பிடிக்கலாம், பல வருஷமாக நம் ஆட்கள் வாழ்ந்த பகுதி என்பதால் இட்லிக்கும் பஞ்சமில்லை. புது தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பஹாட்கஞ்ச் இன்னும் மலிவு. தனியாக வரும் மாணவனுக்குத் தாராளமாகச் சொல்வேன், முட்டி வலிக்கும் அம்மாவோடு அந்தச் சந்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன். அக்கா குடும்பம் கனாட் பிளேஸ் பக்கமோ விமான நிலையத்தை ஒட்டிய ஏரோசிட்டியிலோ தங்கட்டும். ஏரோசிட்டியிலிருந்து விமான நிலைய மெட்ரோவில் புது தில்லி நிலையம் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும், அதனால் தூரம் என்று பயப்பட வேண்டியதில்லை.

நான் 2001இல் இந்த ஊருக்கு வந்தபோது மெட்ரோ கிடையாது. ப்ளூலைன் என்று தனியார் பஸ்கள் ஓடும், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய் வேலை தேடியிருக்கிறேன். 2002 டிசம்பர் 24இல் ஷாதராவிலிருந்து தீஸ் ஹஜாரி வரை முதல் ரயில் ஓடியது. இன்று அந்த மெட்ரோ இருப்பதால்தான் உங்களைத் தைரியமாகப் பிரிந்து போகச் சொல்கிறேன். எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் அறுபது சொச்சம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஸ்மார்ட் கார்டு வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு. ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு, அம்மாவையும் அக்காவையும் அதில் ஏற்றிவிடுங்கள். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரையும் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து எட்டு வரையும் மட்டும் ராஜீவ் சௌக் நிலையத்தில் மாறுகிற வழியைத் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கூட்டத்தில் பெரியவர்களை நிறுத்துவது பாவம். அத்தானுக்குக் கார்தான் வேண்டும் என்றால் எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்ற கணக்கில் நாள் வாடகைக்குக் கிடைக்கும், இரண்டாயிரம் மூவாயிரம் ஆகும். அம்மாவை அந்தக் காரில் அனுப்பிவிட்டு நீங்கள் மெட்ரோவில் போனால் நீங்களே முதலில் போய்ச் சேர்ந்துவிடவும் வாய்ப்பிருக்கிறது.

அடுத்து பலர் கோட்டைவிடும் விஷயம். இந்த ஊரைக் கிழமை பார்த்துத்தான் திட்டமிட வேண்டும். திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் எல்லாம் மூடியிருக்கும். சரோஜினி நகர், லாஜ்பத் நகர், கரோல் பாக் கடைத்தெருக்களுக்கும் அன்றுதான் விடுமுறை. ஞாயிறன்று சாந்தினி சௌக்கின் மொத்தக் கடைகள் அடைப்பு. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடல், ஜாமா மசூதியில் மதியத் தொழுகை. வியாழக்கிழமை சாயங்காலம் நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாட்டு. உங்களுடைய வியாழன் முதல் திங்கள் வரைக்கும் இதையெல்லாம் பொருத்திப் பார்த்தால் திட்டம் தானாகவே அமைந்துவிடுகிறது.

வியாழன். ரயிலிலிருந்து இறங்கும்போதே ஒரு எச்சரிக்கை. புது தில்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம் உண்டு, பஹாட்கஞ்ச் பக்கம் ஒன்று, அஜ்மேரி கேட் பக்கம் ஒன்று. மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம். வெளியே வந்ததும் ஒருவர் அக்கறையாக வந்து "உங்கள் ஹோட்டல் இருக்கும் தெருவில் கலவரம், ரோடு அடைத்திருக்கிறது" என்பார், அல்லது "அந்த ஹோட்டல் மூடிவிட்டது, அரசு டூரிஸ்ட் ஆபீஸ் பக்கத்தில்தான், வாருங்கள்" என்பார். நான் வந்த முதல் நாளே இப்படி ஒரு ஆட்டோவில் ஏறி, இரண்டு மணி நேரம் கம்பளிக்கடை கம்பளிக்கடையாகச் சுற்றி, கடைசியில் சொன்னதைப் போல மூன்று மடங்கு வாடகை கொடுத்து வேறு ஒரு அறையில் படுத்தேன். அந்த மாதம் முழுக்க அந்த ஓட்டை அடைக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன், யார் என்ன சொன்னாலும் நிற்காமல் நடங்கள். ஹோட்டல் எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். ஆப் வழியாக வண்டி பிடியுங்கள், இல்லை ப்ரீபெய்ட் கவுன்டரில் சீட்டு வாங்குங்கள்.

அன்று மதியம் வரை ஓய்வு. முப்பது மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்த உடம்பை உடனே இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு மணிக்குக் கிளம்பி எல்லோரும் சேர்ந்தே சுந்தர் நர்சரிக்குப் போகலாம். தொண்ணூறு ஏக்கர் தோட்டம், பழைய முகலாயக் கட்டடங்களுக்கு நடுவே மரங்களும் நீரோடையும், சிறிய கட்டணம் உண்டு. பாதை சமதளம், அம்மா நடப்பார். குளிர்கால மதிய வெயிலில் புல்லில் துணி விரித்து ஆரஞ்சும் வறுத்த வேர்க்கடலையும் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தில்லிக்காரர்களின் பெரிய சந்தோஷம், நுழைவாயிலுக்கு வெளியே ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தோலைப் பையில் போடுங்கள். அதன் பக்கத்திலேயே ஹுமாயூன் சமாதி. 1570 வாக்கில் கட்டி முடித்தது, தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிற கட்டடம். நாலு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள், டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், விழுவதற்கு முந்தைய அரை மணி நேரம் அந்தச் சிவப்புக் கல் எரிவது போல இருக்கும். 1857இல் கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜஃபர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இங்கேதான். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அந்த இடத்திலேயே நின்று இதைச் சொல்லுங்கள், பாடப் புத்தகத்தில் படித்தது தன்னால் ஞாபகம் வரும்.

அப்புறம் சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் தர்கா. நீங்கள் சரித்திரம் வேண்டும் என்றீர்களே, எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த கதை இதுதான், சொல்லாமல் விட முடியாது. சுல்தான் கியாசுதீன் துக்ளக் 1321இல் துக்ளகாபாத் என்று பிரம்மாண்டமான கோட்டை கட்டத் தொடங்கினார். அதே சமயம் சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா தன் இடத்தில் ஒரு படிக்கட்டுக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். கூலிகள் எல்லோரும் கோட்டைக்கே வர வேண்டும் என்று சுல்தான் உத்தரவு போட, இருவருக்கும் பகை மூண்டது என்கிறார்கள். வங்காளத்திலிருந்து திரும்பும்போது அவுலியாவை ஒரு கை பார்க்கிறேன் என்று சுல்தான் செய்தி அனுப்ப, சீடர்கள் பயந்து நடுங்க, அவர் "ஹனூஸ் தில்லி தூர் அஸ்த்" என்று மட்டும் சொன்னாராம். தில்லி இன்னும் தூரம். சுல்தான் ஊருக்குள் நுழையுமுன் வரவேற்புப் பந்தல் சரிந்து செத்துப்போனார், வருஷம் 1325. அதே வருஷம் அவுலியாவும் போனார், அவருடைய அருமைச் சீடர் கவிஞர் அமீர் குஸ்ரோவும் சில மாதத்தில் போனார். குருவுக்கு எதிரேயே குஸ்ரோவின் சமாதி. பாட்டு அந்த முற்றத்தில் இன்றும் நடக்கிறது, துக்ளகாபாத் கோட்டையோ ஆள் இல்லாமல் புதர் மண்டிக் கிடக்கிறது. கவ்வாலி கேட்கக் காசு வேண்டாம், தரையில் உட்கார இடம் கிடைத்தால் போதும். உள்ளே போகும் சந்து குறுகல், பூக்கடைக்காரர்கள் செருப்பை இங்கேதான் விட வேண்டும், சமாதி மேல் போர்த்தும் சாதர் துணி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கையைப் பிடிப்பார்கள், வாங்குவது உங்கள் விருப்பம். தலைக்குத் துணி வேண்டும். சமாதி அறைக்குள் பெண்களை விடுவதில்லை, முற்றத்தில் உட்காரலாம், இதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்றால் அத்தான் அவரைக் காரில் அழைத்துப் போய்விடட்டும்.

வெள்ளி. ஆங்கிலேயர் கட்டிய புது தில்லி. 1911 டிசம்பர் 12இல் தலைநகரை கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார்கள், 1931இல் திறந்தார்கள். குடியரசுத் தலைவர் மாளிகையின் உள்ளே சுற்றிப் பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறார்கள், 340 அறை கொண்ட அந்த வீட்டைப் பார்க்க அது மிகவும் மலிவு. எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயம். பதிவு சீக்கிரம் நிறைந்துவிடும், அதனால் ரயில் டிக்கெட் உறுதியானதுமே செய்துவிடுங்கள்.

பிறகு தேசிய அருங்காட்சியகம். நுழைந்ததும் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்காதீர்கள், கால் போய்விடும். இரண்டே இரண்டு கூடத்தைப் பாருங்கள். ஒன்று ஹரப்பா கூடம். மொஹஞ்சதாரோ நடன மங்கையை எல்லோரும் படத்தில் பெரிதாகப் பார்த்திருப்போம், நேரில் பத்தரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் நிற்கும். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவ்வளவு திமிராக நிற்பதைப் பார்த்து என் மகள் அவளைப் போலவே நின்று காட்டினாள். இன்னொன்று வெண்கலச் சிலைகளின் கூடம். சோழர் காலத்து நடராஜரை அங்கே கண்ணாடி வெளிச்சத்தில் பக்கத்தில் நின்று பார்க்கலாம், நம் ஊர்க் கோயில்களில் அலங்காரத்துக்கு உள்ளே மறைந்திருக்கும் உடல் வளைவு முழுவதும் தெரியும். அம்மா கும்பிட்டால் கும்பிடட்டும், என் அம்மாவும் அங்கே நின்று தேவாரம் முணுமுணுத்தார்.

சாயங்காலம் இந்தியா கேட், அதை ஒட்டிய தேசியப் போர் நினைவகம். 2019 பிப்ரவரியில் திறந்தது. வட்டம் வட்டமாக அமைந்த சுவர்களில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர், ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். தமிழ்ப் பெயர்களைத் தேடிப் படியுங்கள், வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள், அதில் 1987 நவம்பரில் இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் இருக்கிறார். நான் இரவில் விளக்குப் போட்ட பிறகு போவதைத்தான் விரும்புவேன்.

இரவுச் சாப்பாடு பங்ளா சாகிப் குருத்வாராவில், ஏழு பேரும், அத்தான் உட்பட. 1664இல் சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர் கிருஷன் தங்கியிருந்த மாளிகை, ஊரில் அம்மையும் காலராவும் பரவியபோது அந்தச் சிறுவன் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்ததாகச் சொல்வார்கள். தலையை மூடிக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். லங்கர் என்னும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும், அது பிரசாதம். தட்டில் வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள். இலவசச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு போகாமல், முடிந்தால் பிள்ளைகளைச் சமையற்கூடத்துக்கு அனுப்பி அரை மணி நேரம் ரொட்டி தேய்க்கச் சொல்லுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். பல சுற்றுலாவை விட அந்த அரை மணி நேரம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சனிக்கிழமை பழைய தில்லி. இதை மட்டும் காலை எட்டரைக்குள் ஆரம்பியுங்கள். லால் கிலா மெட்ரோவில் இறங்கினால் செங்கோட்டை எதிரே. உள்ளே போகலாமா வேண்டாமா என்றால், அம்மாவுக்கு வேண்டாம், நடை அதிகம். உங்களுக்கும் பெரிய பிள்ளைக்கும் வேண்டும். 1857க்குப் பிறகு உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை ஆங்கிலேயர் இடித்துப் படை முகாம் கட்டினார்கள், மிஞ்சியது கொஞ்சம்தான், ஆனால் பகதூர் ஷாவை விசாரித்ததும், 1945இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளை விசாரித்ததும் இதற்குள்தான். மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எத்தனையோ தமிழர்கள் சேர்ந்த படை அது, நேதாஜி அருங்காட்சியகம் உள்ளேயே இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

மற்றவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாவில் சாந்தினி சௌக் போகட்டும். ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650இல் அமைத்த தெரு. இப்போது பகல் முழுக்க மோட்டார் வண்டிகளுக்குத் தடை, ஏறும் முன்பே ரேட் பேசிவிடுங்கள். கினாரி பஜாரில் ஜரிகையும் சரிகைப் பட்டியும், தரிபா சந்தில் வெள்ளி, அக்காவுக்கு அங்கேயே பொழுது போய்விடும். அத்தானுக்கு வேலை நிறைய இருக்கிறது: தரிபா முனையில் நெய்யில் பொரிக்கும் பருமனான ஜிலேபி, மெட்ரோ வாசலில் நின்றுகொண்டே தின்னும் தஹி பல்லா என்னும் தயிர் வடை, பராட்டா சந்தில் வகை வகையான பராட்டா. என்னைக் கேட்டால் பராட்டா சந்தை விட்டுவிடலாம், பெயர்தான் பெரிது, எண்ணெய் அதிகம். அதற்குப் பதிலாகத் தெருவில் வெள்ளை நுரைக் குன்று போலக் குவித்து வைத்து விற்கும் தௌலத் கி சாட் சாப்பிடுங்கள். பாலைக் கடைந்து, நுரையை மட்டும் எடுத்து, குங்குமப்பூவும் சர்க்கரையும் தூவிக் கொடுப்பார்கள். குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும், வாயில் வைத்ததும் காணாமல் போய்விடும், நீங்கள் டிசம்பரில் வருவதற்கு அதுவே போதுமான காரணம். மேற்கு முனையில் காரி பாவ்லி, மசாலா மொத்தச் சந்தை, மிளகாய் நெடியில் தும்மல் நிற்காது. அம்மாவைத் தவிர மற்றவர்கள் போகலாம். மதியம் ஜாமா மசூதிப் பக்கம் அசைவம் சாப்பிடுகிறவர்கள் 1913இலிருந்து நடக்கும் கரீம்ஸுக்குப் போகிறார்கள், கூட்டம் சகிக்க முடிந்தால் போங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பொதுவாக ஒன்று. அத்தானுக்கு ஒரு வேளை பெரிய இடத்தில் செலவழிக்க ஆசை இருந்தால் ஐடிசி மௌரியா ஹோட்டலின் புகாரா உணவகத்தில் தாலும் கபாபும் சாப்பிடட்டும், அல்லது இம்பீரியல் ஹோட்டலில் சாயங்கால டீ. அது அவர்கள் வேளை, நீங்கள் கூடப் போக வேண்டியதில்லை, அவர் கூப்பிட்டாலும் ஒரு நாள் மட்டும் போங்கள். உங்களுக்கு ஆந்திர அரசு விருந்தினர் மாளிகையான ஆந்திரா பவனின் கேன்டீன் இருக்கிறது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் பருப்புப்பொடி, நெய், கோங்குரா என்று கேட்கக் கேட்கப் போடுவார்கள், மூன்று நாள் ரொட்டி தின்ற பிறகு அந்தச் சோற்றைப் பார்த்தால் கண் கலங்கும். நாள் முழுக்க மெட்ரோ, நுழைவுச் சீட்டு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 600, 700 ரூபாயில் முடித்துக்கொள்ளலாம், தங்கும் செலவு தனி.

ஞாயிறு முழுவதும் பிரிவு நாள். விடியற்காலை எழ முடிகிறவர்கள் மட்டும் காஷ்மீரி கேட் பக்கம் யமுனா காட் போங்கள். சைபீரியப் பக்கம் இருந்து வந்திருக்கும் வெள்ளைக் கடற்காக்கைகள் ஆயிரக்கணக்கில் பனிக்குள் பறக்கும், படகில் போய் இரை தூவலாம். ஆறு நாறும், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் காட்சிக்காக நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போகிறேன். அன்று காலை தில்லி கேட் அருகே மஹிளா ஹாட்டில் பழைய புத்தகச் சந்தை, முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்தது. பதினாறு வயதுக்கு 500 ரூபாய் கொடுத்து விட்டுவிடுங்கள், பை நிறைய வரும்.

பத்து வயதுக்கு சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகம். ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் இன்னொன்று சாலையிலுமாக ஓடிய பாட்டியாலா மோனோரயில் அங்கே இருக்கிறது, பொம்மை ரயிலில் சவாரியும் உண்டு. அம்மாவுக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர். குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி, 1973இல் குடமுழுக்கு நடந்த கோயில், மீனாட்சி சுந்தரேஸ்வரர் சன்னதிகள் பாண்டியர் பாணியில். படி ஏற வேண்டும், மெதுவாக நிதானமாக ஏற்றுங்கள். நான்கு நாள் இந்தி மட்டுமே கேட்ட காதுக்கு அங்கே அர்ச்சகர் குரலும் வரிசையில் நிற்கும் மாமிகளின் பேச்சும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கமும் அதே ஆர்.கே.புரத்தில்தான், ஏதாவது நிகழ்ச்சி இருந்தால் எட்டிப் பாருங்கள்.

அக்காவுக்கு சரோஜினி நகர். ஞாயிறு கூட்டம் பயங்கரம், பதினொரு மணிக்கு முன் போய்விட வேண்டும். முன்னூறு சொன்னால் நூறிலிருந்து ஆரம்பிக்கலாம், "பையா, டீக் சே போலோ" (அண்ணா, சரியாகச் சொல்லுங்கள்) என்று சிரித்துக்கொண்டே கேட்டால் இறங்குவார்கள், குரலை உயர்த்தினால் இறங்க மாட்டார்கள். பர்ஸ் முன்பக்கம் இருக்கட்டும். நெரிசல் வேண்டாம் என்றால் பக்கத்திலேயே ஐ.என்.ஏ. தில்லி ஹாட் என்னும் கைவினைச் சந்தை, நுழைவுக் கட்டணம் கொஞ்சம், பல மாநில நெசவாளர்கள் நேராக விற்கிறார்கள், விலை கூடுதல், பொருள் நல்லது. சாயங்காலம் எல்லோரும் அங்கேயே சேரலாம், மாநில வாரியாகச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

திங்கள் எல்லாம் மூடியிருக்கும்போது குதுப் மினார் திறந்திருக்கும். 73 மீட்டர் உயரம், 1199 வாக்கில் குத்புதீன் ஐபக் தொடங்கியது. 1981இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற விடுவதில்லை. முற்றத்தில் இருக்கும் குப்தர் காலத்து இரும்புத் தூண் 1600 வருஷமாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் இதோடு திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் திரும்பாதீர்கள். பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா, சீட்டு கிடையாது, கூட்டமும் கிடையாது. கீகர் மரக்காட்டுக்குள் சுல்தான் பால்பனின் இடிந்த சமாதி, ராஜோன் கி பாவ்லி என்னும் படிக்கிணறு, உள்ளே கூரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பூசிய ஜமாலி கமாலி சமாதி. காவலர் இருந்தால் கேளுங்கள், சில சமயம் திறந்து காட்டுவார். மெட்ரோவிலிருந்து குதுப் மினார் நடக்கிற தூரம் இல்லை, ஆட்டோ பிடியுங்கள்.

ஆக்ரா கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் வீட்டில் யாராவது கேட்பார்கள். ஒரு முழு நாள் போய்விடும், உங்களுக்கு இருப்பது சனி, ஞாயிறு மட்டும், அந்த வாரம் தாஜ்மகாலில் கால் வைக்க இடம் இருக்காது. நான் இந்தத் தடவை வேண்டாம் என்பேன். அம்மா ஆசைப்பட்டால் மட்டும் நிஜாமுதீனிலிருந்து காலை கதிமான் எக்ஸ்பிரஸில் போங்கள், நூறு நிமிடத்தில் ஆக்ரா. ஒரே நாளில் ஆக்ரா, மதுரா, பிருந்தாவன் என்று கூவிக் கூப்பிடும் பஸ்ஸில் முட்டி வலிக்காரரை ஏற்றாதீர்கள்.

கடைசியாகக் குளிரும் புகையும். காலை வெப்பநிலை ஆறு ஏழு டிகிரிக்கு இறங்கும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதாது, உள்ளே தெர்மல், தலைக்குக் குல்லா, காலுறை வேண்டும். அம்மா புடவைக்குள்ளேயே தெர்மல் போட்டுக்கொள்ளட்டும், இங்கே எல்லா மாமிகளும் அப்படித்தான். காற்று மோசமான நாட்கள் வரும், யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் என்95 முகமூடியும் இன்ஹேலரும் கையில் இருக்க வேண்டும், அன்றைக்குத் திறந்தவெளி இடங்களை மதியத்துக்குத் தள்ளிவிட்டு அருங்காட்சியகத்தைக் காலைக்குக் கொண்டுவாருங்கள். மூடுபனியால் ரயில் நாலைந்து மணி நேரம் தாமதமாவது டிசம்பர் கடைசியில் சகஜம். வியாழன் காலை வண்டி வியாழன் மதியம் வந்தாலும் கெட்டுப்போகாதபடிதான் முதல் நாளை லேசாக வைத்திருக்கிறேன். திங்கள் இரவு கிளம்பும் முன் மட்டும் வண்டி எங்கே இருக்கிறது என்று செயலியில் பார்த்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள், அந்தக் குளிரில் அம்மாவைப் பிளாட்பாரத்தில் உட்கார வைக்க வேண்டாம்.